512 பைட்டைத் தேடியவர்கள்

முதல் எக்ஸ்பாக்ஸ் கேம் கன்சோல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த நாள் 2001 நவம்பர் 15. விலை 299 டாலர். மூடியைக் கழற்றினால் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர்தான்: 733 மெகாஹெர்ட்ஸில் ஓடும் பென்டியம் III வகை பிராசஸர், என்விடியாவின் கிராபிக்ஸ் சிப், 64 எம்பி ரேம், 8 ஜிபி ஹார்ட் டிஸ்க். பெட்டியை நஷ்டத்துக்கு விற்றுவிட்டு, விற்கிற ஒவ்வொரு கேமிலும் வரும் உரிமத் தொகையில் அதை ஈடுகட்டலாம் என்பது மைக்ரோசாஃப்டின் கணக்கு. அந்தக் கணக்கு பலிக்க வேண்டுமானால் கம்பெனி கையெழுத்திட்ட புரோகிராம் மட்டுமே பெட்டியில் ஓட வேண்டும். காசு கொடுத்து வாங்கியவர் தானே எழுதிய புரோகிராம் ஓடக் கூடாது. பூட்டு வந்தது இதற்காகத்தான்.

*

ஆண்ட்ரூ ஹுவாங் அப்போது எம்.ஐ.டி.யில் முனைவர் பட்ட மாணவர். எக்ஸ்பாக்ஸை வாங்கியவர் அதன் ஃப்ளாஷ் சிப்பைப் போர்டிலிருந்து பெயர்த்தெடுத்து, அதிலிருப்பதை முழுக்கப் படித்துக்கொண்டார். மின்சாரம் வந்ததும் பிராசஸர் முதலில் தேடிப் போகும் இடத்தில், அதாவது சிப்பின் கடைசிப் பகுதியில், முறையான தொடக்க நிரல் ஒன்று இருந்தது. அடுத்த கட்டத்தைப் பூட்டுத் திறந்து எடுக்கும் வழியும் அதில் இருந்தது. அந்த வழியில் திறந்து பார்த்தால் வந்ததெல்லாம் குப்பை.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம். அந்தத் தொடக்க நிரலையே சிதைத்துவிட்டுச் சிப்பைத் திரும்பப் பொருத்தினாலும் மெஷின் பழையபடி எழுந்து நிற்கிறது. அப்படியானால் பிராசஸர் படிப்பது இதை இல்லை, வேறெங்கோ இருப்பதை. ஃப்ளாஷில் இருந்தது வந்தவர்களைத் திசைதிருப்பிவிடும் வெற்று நிரல்.

உண்மையான தொடக்க நிரல் சவுத்பிரிட்ஜ் என்ற துணைச் சிப்பின் சிலிக்கானுக்குள்ளேயே புதைந்திருந்தது. அளவு 512 பைட். இந்தப் பத்தியின் எழுத்துகளைக்கூட அதற்குள் அடக்க முடியாது. மெமரியைச் சீராக்குவது, ஆர்.சி.4 என்ற மறையாக்க முறையில் அடுத்த கட்டத்தைத் திறப்பது, சரிபார்ப்பது, வேலை முடிந்ததும் தன்னை யார் கண்ணுக்கும் படாமல் அணைத்துக்கொள்வது எல்லாமே அந்த 512 பைட்டுக்குள். திறக்கும் சாவியும் அதற்குள்தான், 16 பைட். எழுதியவர்கள் கைதேர்ந்தவர்கள். அதை மறுப்பதற்கில்லை.

*

எந்தக் கம்பியில் காது வைப்பது?

சிப்புக்குள் இருப்பதைப் பார்க்க முடியாது. ஆனால் அது பிராசஸரைச் சென்றடைந்துதான் ஆக வேண்டும். போகிற வழியில் போர்டின் செம்புத் தடங்களைக் கடந்தே தீர வேண்டும். பிராசஸர் பக்கம் தடங்கள் ஏராளம், மெமரி பக்கம் அதைவிட அதிகம். அத்தனையிலும் கம்பி பற்றவைப்பது ஒரு மனிதனால் ஆகிற காரியம் இல்லை. சவுத்பிரிட்ஜுக்கும் நார்த்பிரிட்ஜ் என்ற இன்னொரு துணைச் சிப்புக்கும் நடுவில் ஓடும் ஹைப்பர்டிரான்ஸ்போர்ட் பஸ் ஒன்றுதான் ஒடுங்கலானது: ஒரு திசைக்கு எட்டு பிட். ஆனால் பேய் வேகம். ஒவ்வொரு தடத்திலும் நொடிக்கு 40 கோடி பிட் பாய்கிறது. அந்த வேகத்தில் எவனும் ஒட்டுக் கேட்க முடியாது என்பதுதான் வடிவமைத்தவர்களின் தைரியம்.

ஹுவாங் தன் ஆய்வுக்காகச் செய்து வைத்திருந்த எஃப்.பி.ஜி.ஏ. போர்டு ஒன்றைக் கையில் எடுத்தார். எஃப்.பி.ஜி.ஏ. என்பது உள்சுற்றை நாமே மாற்றி மாற்றி எழுதிக்கொள்ளக்கூடிய சிப். எக்ஸ்பாக்ஸின் தடங்கள் மேல் இருந்த பச்சைப் பூச்சைச் சுரண்டி, மெல்லிய இணைப்புப் போர்டு ஒன்றை அங்கேயே பற்றவைத்து, பாய்கிற பிட்டுகளை அள்ளினார். அந்த எஃப்.பி.ஜி.ஏ.வுக்கு வகுத்த எல்லைக்கு மேற்பட்ட வேகம் அது. சமிக்ஞை ஒவ்வொன்றும் வந்து சேரும் நேரத்தைக் கையாலேயே திருத்தித் திருத்திச் சரிக்கட்ட வேண்டியிருந்தது. எந்த பிட் முதலில், எது கடைசி என்பதையும் ஊகித்து அடுக்கிப் பார்க்க வேண்டும். கடைசியில் பிராசஸரின் கட்டளைகள் வரிசையாகத் தெரிந்தன. சாவியும் கிடைத்தது.

2002 மே மாதம் இது எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகக் குறிப்பாக வெளியானது. ஹார்டுவேர் பாதுகாப்பில் ஈடுபாடு உள்ள மாணவர்கள் எவரும் முதலில் படிக்க வேண்டியது அதுதான் என்பேன். என்ன கருவி, ஏன் அந்தக் கம்பி, எங்கே ஊகம், எங்கே உறுதி என்று ஒவ்வொன்றையும் பிரித்துச் சொல்கிற எழுத்து.

*

சாவி கிடைத்தது ஒரு பக்கம். சரிபார்ப்பில் இருந்த ஓட்டை இன்னொரு பக்கம்.

களத்தில் நெல்லைக் குவித்துவிட்டு இரவு வீட்டுக்குப் போகிறவர்கள் குவியலின் மேல் சாம்பலாலோ சாணிக் கரைசலாலோ குறி போட்டு வைப்பார்கள். எந்தப் பக்கம் கைவைத்து ஒரு படி அள்ளினாலும் நெல் சரிந்து குறி கலைந்துவிடும். காலையில் பார்த்தவுடன் தெரியும். சரிபார்ப்பு என்றால் அப்படி இருக்க வேண்டும். எக்ஸ்பாக்ஸில் அடுத்த கட்ட நிரலின் கடைசியில் சில பைட்டுகள் எதிர்பார்த்தபடி இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தார்கள். குவியலின் அடியில் ஒரே ஓரத்தில் குறி போட்ட மாதிரி. உச்சியில் எவ்வளவு அள்ளினாலும் அது கலையாது.

ஆர்.சி.4-ல் ஓரிடத்து மாற்றம் அடுத்த இடத்துக்குப் பரவுவதில்லை. எந்த பைட்டை மாற்றினாலும் அந்த பைட் மட்டுமே மாறும். தொடக்கத்தில் அவர்கள் பயன்படுத்தியது ஆர்.சி.5, அது மாற்றத்தைப் பரப்பும் விதத்தில் அமைந்திருந்தது. அதைக் கைவிட்டு ஆர்.சி.4-க்கு மாறியபோது சரிபார்ப்பு முறையைச் சேர்த்து மாற்றவில்லை.

அடுத்து வந்த 1.1 பதிப்பில் ஹாஷ், அதாவது நிரல் முழுவதிலிருந்தும் கணக்கிடும் ஒரு சரிபார்ப்பு எண், சேர்த்தார்கள். 512 பைட்டுக்குள் அடங்க வேண்டுமே என்று டி.ஈ.ஏ. என்ற மிகச் சிறிய முறையைத் தேர்ந்தெடுத்தார்கள். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வீலரும் நீதமும் 1994-ல் கொடுத்தது அது. மறையாக்கத்துக்கு நல்ல முறைதான். ஆனால் அதன் சாவியில் குறிப்பிட்ட இரண்டு பிட்டுகளைச் சேர்த்துப் புரட்டினால் விடை மாறாது என்பது 1990-களிலேயே அச்சில் வந்துவிட்ட செய்தி. ஹாஷாகப் பயன்படுத்தும்போது நிரலே சாவியின் இடத்தில் உட்காருகிறது. அப்புறம் என்ன? நிரலில் இரண்டு பிட்டைப் புரட்டினார்கள், ஒரு தாவல் கட்டளை வேறு இடத்துக்குத் தாவியது, ஹாஷ் அப்படியே இருந்தது.

*

1.1-ல் சிப்புக்குள் புதைந்திருந்த தொடக்க நிரலை, அதாவது மறைநிரலை, படித்த விதம். இதைத் தனியாக எழுதி வைக்க வேண்டும்.

1984-ல் ஐ.பி.எம். தன் பி.சி. ஏ.டி. கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தபோது, பழைய 8086-க்கு எழுதிய சில புரோகிராம்கள் அதில் ஓடாமல் போய்விடக் கூடாதே என்று ஏ20 என்ற முகவரிக் கம்பியை அடக்கி வைக்க ஒரு வசதி செய்தார்கள். அந்த வசதி தலைமுறை தலைமுறையாக இன்டெல் பிராசஸர்களில் தங்கிவிட்டது. எக்ஸ்பாக்ஸுக்கு அதனால் எந்த உபயோகமும் கிடையாது. ஆனால் கடையில் கிடைக்கிற பிராசஸரை எடுத்துப் போட்டதால் அந்த வசதிக்கான சிப்பின் காலும் கூடவே வந்தது.

அந்தக் காலை ஒரு கம்பியால் கிரவுண்டோடு இணைத்தால் போதும். பிராசஸர் போக நினைக்கும் முகவரியில் ஒரு பிட் விழுந்துவிடும். மறைநிரல் இருக்கும் இடத்தைத் தவறவிட்டு, சற்றுக் கீழே ஃப்ளாஷின் பிரதி தெரியும் இடத்தில் போய் இறங்கும். ஃப்ளாஷில் நம் நிரல் இருக்கிறது. அது நிதானமாகத் திரும்பி மறைநிரலைப் படித்து வெளியே அனுப்பிவிடும். முதல் பதிப்பைப் படிக்க நொடிக்கு 40 கோடி பிட்டைத் துரத்த வேண்டியிருந்தது. இரண்டாவதைப் படிக்க ஒரு துண்டுக் கம்பி.

*

சரிபார்ப்பு தோற்றால் மறைநிரல் தன்னை அணைத்துவிட்டு மெஷினை நிறுத்த வேண்டும். அணைக்கும் கட்டளை 4 ஜிபி முகவரி வெளியின் கடைசி ஓரத்தில் வைக்கப்பட்டிருந்தது. அதற்கு அப்பால் முகவரியே இல்லை. ஆகவே பிராசஸர் பிழையில் விழுந்து நின்றுவிடும் என்று நினைத்தார்கள். ஏ.எம்.டி. பிராசஸர் அப்படித்தான் நிற்கும். இன்டெல் நிற்காது, சுற்றிக்கொண்டு சுழியாம் முகவரிக்குப் போய் அங்கே இருப்பதை ஓட்டும். எக்ஸ்பாக்ஸின் முன்மாதிரிகள் ஏ.எம்.டி.யில் ஓடியவை, கடைசி நேரத்தில்தான் இன்டெலுக்கு மாறினார்கள்.

சுழியாம் முகவரி என்பது ரேம். மெமரியைச் சீராக்கும் குறிப்புகள் ஃப்ளாஷிலிருந்துதான் வாசிக்கப்படுகின்றன, அவற்றுக்குக் காவலும் கிடையாது. அவற்றை வைத்தே அங்கே ஒரு தாவல் கட்டளையை எழுதிவிட்டு, வேண்டுமென்றே சரிபார்ப்பில் தோற்கலாம். பூட்டுவதற்காக எழுதிய வரியே கதவைத் திறந்துவிடும்.

எக்ஸ்பாக்ஸ் லினக்ஸ் குழுவை நடத்திய மைக்கேல் ஸ்டைல் இவற்றையெல்லாம் திரட்டி, மைக்ரோசாஃப்ட் செய்த 17 தவறுகள் என்று 2005 டிசம்பரில் பெர்லினில் நடந்த கேயாஸ் என்ற ஹேக்கர் மாநாட்டில் பேசினார். அந்த உரையைப் படித்துப் பார்த்தால் அதில் ஏளனம் குறைவு, கவனம் அதிகம். அவசரம், பிறர் எழுதி வைத்ததைப் படிக்காமை, கையிலிருக்கும் பாகத்தின் குணம் தெரியாமை: தவறுகளில் பாதிக்கு மேல் இந்த மூன்றில் அடங்கிவிடும்.

*

சட்டம்.

அமெரிக்காவின் டி.எம்.சி.ஏ. 1998-ல் வந்தது. பூட்டைத் திறப்பதையே குற்றமாக்கிய சட்டம், நகல் எடுத்தாயா இல்லையா என்பது அப்புறம். ஹுவாங் தன் கட்டுரையோடு பல்கலைக்கழகத்திடம் போனபோது, இந்த வேலைக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று எம்.ஐ.டி.யின் சட்டப் பிரிவு கடிதம் அனுப்பியதாக அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். பேராசிரியர்கள் சிலரும் எலக்ட்ரானிக் ஃப்ரன்டியர் ஃபவுண்டேஷனும் துணை நின்றதால் கட்டுரை வெளிவந்தது. அடுத்து எழுதிய 'ஹேக்கிங் தி எக்ஸ்பாக்ஸ்' புத்தகத்தை ஏற்றிருந்த வைலி பதிப்பகம் இந்தச் சட்டத்துக்குப் பயந்து பின்வாங்கியது. 2003-ல் தானே அச்சிட்டு விற்றார். அப்புறம் நோ ஸ்டார்ச் பதிப்பகம் எடுத்துக்கொண்டது. 2013 ஜனவரியில் இணையச் செயற்பாட்டாளர் ஆரன் ஸ்வார்ட்ஸ் இறந்தபின், அவர் நினைவாகப் புத்தகத்தை எல்லோரும் இலவசமாகப் படிக்க விட்டுவிட்டார்.

இதற்கு முந்தைய இரண்டு வழக்குகளையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டிலும் மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்தது 1992-ல். அக்கோலேட் கம்பெனி சேகா கேம்களைப் பிரித்துப் படித்து, ஜெனிசிஸ் கன்சோலில் ஓடும் கேம்களைத் தானே செய்தது. பொருந்தச் செய்வதற்கு வேறு வழியில்லாதபோது பிரித்துப் படிப்பது நியாயமான பயன்பாடே என்று நீதிமன்றம் சொன்னது. அட்டாரியின் டெங்கன் நிறுவனமோ நிண்டெண்டோ பூட்டுச் சிப்பின் நிரலைப் பதிப்புரிமை அலுவலகத்திலிருந்து வாங்கியது, அதுவும் வழக்குக்குத் தேவை என்று பொய் சொல்லி. தோற்றது. உழைத்துப் படித்தவனுக்கு ஒரு நீதி, ஏமாற்றி வாங்கியவனுக்கு ஒரு நீதி, இரண்டுமே சரி.

நம் இந்தியச் சட்டத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. 1957-ன் பதிப்புரிமைச் சட்டத்தில் 52-வது பிரிவு, ஒரு புரோகிராம் எந்தக் கருத்துகளின் மேல் இயங்குகிறது என்று அறிவதற்காக அதைக் கவனிப்பது, ஆராய்வது, சோதிப்பது ஆகியவற்றை உரிமை மீறலாகக் கொள்வதில்லை. தனியாக எழுதிய இன்னொரு புரோகிராம் அதோடு பொருந்தி ஓடுவதற்கான தகவலைப் பெறுவதும் அப்படியே. பூட்டுடைப்பைக் குற்றமாக்கும் 65ஏ பிரிவு 2012-ல் சேர்ந்தபோதுகூட, உரிமையை மீறும் நோக்கம் இருந்தால்தான் தண்டனை என்று எழுதினார்கள். அமெரிக்கச் சட்டத்தைவிட இது நியாயமானது. இங்கே எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற பிள்ளைகளுக்கு யாராவது இதைச் சொல்லித்தர வேண்டும்.

*

நிண்டெண்டோவின் வீ கன்சோலைத் திறந்தது ஓர் இடுக்கி. அறிவியல் கூடத்தில் இருக்குமே, அந்தச் சின்ன எஃகு இடுக்கிதான்.

வீ தன் முன்னோடியான கேம்கியூபின் கேம்களையும் ஓட்டும். அந்த முறையில் ஓடும்போது 64 எம்பி வெளி மெமரியில் 16 எம்பி மட்டுமே கண்ணுக்குத் தெரியும். மீதி 48 எம்பியில் வீயின் சொந்த ரகசியங்கள் அழிக்கப்படாமல் கிடக்கும். கேம்கியூப் முறையில் சொந்தப் புரோகிராம் ஓட்ட ஏற்கெனவே வழி இருந்தது. மெமரியின் முகவரிக் கம்பிகளை இடுக்கியின் முனையால் தொட்டு இணைத்தபோது, அந்த 16 எம்பி ஜன்னல் வழியாக மறைந்திருந்த பகுதி தெரிந்தது. அதைக் கொட்டி எடுத்துத் தேடியபோது சாவிகள் அகப்பட்டன. 2007 டிசம்பர் கேயாஸ் மாநாட்டில் காட்டினார்கள். குழுவின் பெயரையே இடுக்கியை வைத்துத்தான் சூட்டிக்கொண்டார்கள்.

அதே வீயில் கையெழுத்துச் சரிபார்ப்பு. 20 பைட் ஹாஷ் இரண்டை ஒப்பிட வேண்டும். எழுதியவர் அதற்கு எழுத்துச் சரங்களை ஒப்பிடும் 'எஸ்.டி.ஆர்.என்.சி.எம்.பி.' என்ற கட்டளையை எடுத்துப் போட்டுவிட்டார். சுழியைக் கண்டால் சரம் முடிந்தது என்று அது நின்றுவிடும். ஆகவே இரண்டு ஹாஷும் சுழியில் தொடங்கினால், மிச்சம் 19 பைட்டைப் பார்க்காமலே சரி என்று சொல்லிவிடும். கையெழுத்து முழுவதையும் சுழியால் நிரப்பு. சுழியை எத்தனை தடவை தன்னோடு பெருக்கினாலும் சுழிதான். அந்தப் பக்கம் முடிந்தது. இந்தப் பக்கம் நம் புரோகிராமின் ஹாஷ் சுழியில் தொடங்க வேண்டும்: பயன்படாத ஒரு மூலையில் எண்ணை மாற்றிக்கொண்டே போனால் சராசரியாக 256 முறைக்கு ஒரு முறை கிடைத்துவிடும். கம்ப்யூட்டருக்கு அது கண் இமைக்கும் வேலை.

நிரல் எழுதுகிறவர்கள் எல்லோரும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதினேன்.

*

நிண்டெண்டோவின் கேம்பாய் 1989-ல் வந்தது. அதன் தொடக்க நிரல் 256 பைட். அதுவும் வேலை முடிந்ததும் தன்னை அணைத்துக்கொள்ளும். 2003-ல் ஒருவர் சிப்பின் மேலுறையை நீக்கி, நுண்ணோக்கியில் படமெடுத்து, பிட் பிட்டாகக் கண்ணால் பார்த்து எழுதி எடுத்தார். காசுக்காக யாரும் இதைச் செய்வதில்லை.

*

திருட்டு நகலைப் பற்றி நேராக எழுத வேண்டும். பூட்டைத் தாண்டவைக்கும் 'மாட்-சிப்' போட்ட கன்சோல்கள் ஊர் ஊருக்கு விற்றன, அவற்றில் நகல் டிஸ்க்குகள் ஓடின, கேம் எழுதியவர்களுக்கு நஷ்டம் வந்தது. இதை மூடி மறைப்பது நேர்மையில்லை.

ஆனால் பிளேஸ்டேஷன் 3-ஐப் பாருங்கள். 2006 நவம்பரில் வந்தபோது லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம் என்று சோனியே கதவைத் திறந்து வைத்தது. அமெரிக்க விமானப் படை 1,700-க்கும் மேற்பட்ட பிளேஸ்டேஷன்களைக் கோத்து ஒரு சூப்பர் கம்ப்யூட்டரே கட்டியது. பூட்டு ஆண்டுக்கணக்கில் அசையவில்லை. 2010 ஏப்ரல் 1 அன்று ஓர் அப்டேட் மூலம் சோனி அந்த லினக்ஸ் வசதியைப் பிடுங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் ஃபெயில்ஓவர்ஃப்ளோ என்ற ஹேக்கர் குழு கேயாஸ் மாநாட்டு மேடையேறி, கையெழுத்துக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேர்ந்தெடுக்க வேண்டிய எண்ணைச் சோனி மாற்றாமலே போட்டுவந்ததை எடுத்துக்காட்டியது. இரண்டு கையெழுத்து கையில் இருந்தால் பள்ளிக்கூட இயற்கணிதத்திலேயே ரகசியச் சாவி வந்துவிடும்.

திறமை உள்ளவர்களுக்கு வேண்டியது தங்கள் புரோகிராமை ஓட்ட ஓர் இடம். அதைக் கொடுத்தால் அவர்கள் பூட்டின் பக்கம் திரும்புவதில்லை. பறித்தால் நகல்காரர்கள் போக நினைக்கும் அதே கதவின் முன் அவர்களும் வந்து நிற்கிறார்கள், எல்லோரையும்விடக் கெட்டிக்காரர்களாக. அந்தக் குழு சொன்ன இந்த வாதத்தை நான் முழுதும் ஏற்கிறேன்.

*

எக்ஸ்பாக்ஸில் லினக்ஸ் ஓட்டுபவருக்கு 2,00,000 டாலர் பரிசு என்று 2002-ல் பெயர் வெளியிடாத ஒருவர் அறிவித்தார். லிண்டோஸ் கம்பெனியின் மைக்கேல் ராபர்ட்சன்தான் அவர் என்பது 2003 ஜனவரியில் தெரிந்தது. சிப் எதுவும் வைக்காமலே திறக்கும் வழி அந்த ஆண்டே வந்தது: 'ஏஜென்ட் அண்டர் ஃபயர்' என்ற ஜேம்ஸ் பாண்ட் கேமின் சேமிப்புக் கோப்பில் அளவுக்கு மிஞ்சிய தரவை வைத்தால் கேம் தடுமாறி நம் நிரலை ஓட்டிவிடும்.

திறந்த பெட்டியில் சில இளைஞர்கள் சினிமா பார்க்க ஒரு பிளேயர் எழுதினார்கள். அது வளர்ந்து எக்ஸ்பாக்ஸ் மீடியா சென்டர் ஆயிற்று. 2014-ல் பெயர் மாறியது: கோடி. இன்று டி.வி. பெட்டிகளில் நாம் பார்க்கிற அதே கோடிதான். பூட்டு உடையாமல் இருந்திருந்தால் அது பிறந்தே இருக்காது.

*

எக்ஸ்பாக்ஸின் ஹார்ட் டிஸ்க் ஒவ்வொன்றும் அந்தந்தப் பெட்டியோடு கடவுச்சொல்லால் பிணைக்கப்பட்டது. போர்டில் உள்ள 256 பைட் ஈஈப்ரோமில் ஒரு சாவி. அதையும் டிஸ்க்கின் மாடல், வரிசை எண்ணையும் சேர்த்துக் கணக்கிட்டுத்தான் கடவுச்சொல் பிறக்கும். டிஸ்க் செத்தால் கடையில் வாங்கிய புது டிஸ்க்கை மாட்ட முடியாது. இருபது வருடத்துக்கு மேலான டிஸ்க்குகள் தினம் தினம் செத்துக்கொண்டிருக்கின்றன. இன்று ஒரு பழைய எக்ஸ்பாக்ஸை உயிர்ப்பிக்க வேண்டுமானால் அந்த ஈஈப்ரோமைப் படித்தாக வேண்டும், பொழுதுபோக்குக்காரர்கள் எழுதிவைத்த முறையில் புது டிஸ்க்கைத் தயாரித்தாக வேண்டும். செய்த கம்பெனி இதற்கு எந்த வழியும் விட்டுவைக்கவில்லை.

கடிகாரத்தை ஓட்டும் கெப்பாசிட்டர் ஒன்றும் உள்ளே இருக்கிறது. 1.6-க்கு முந்தைய பதிப்புகளில் அது கசியும். கசிந்த திரவம் பக்கத்துச் செம்புத் தடங்களை அரித்துவிடும். தடம் போனால் பெட்டி எழுந்திருக்காது. மூடியில் ஆறு திருகுகள், டார்க்ஸ் டி20: நான்கு ரப்பர் கால்களின் அடியில், இரண்டு ஒட்டுத்தாள்களின் அடியில். கெப்பாசிட்டரைப் பெயர்த்தெடுத்துவிட்டு, இருந்த இடத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால் போதும். அது இல்லாமலே மெஷின் ஓடும், நேரத்தை மட்டும் மறந்துவிடும். யார் வீட்டிலாவது பரண்மேல் ஒன்று கிடந்தால் இந்த வாரமே இறக்கித் திறக்கவும்.